பம்பு எஞ்சினுக்குத் தகுந்த பெல்ட்டைத் தெரிந்தெடுத்தல்

எண்ணெய் எஞ்சினாலோ மின்சார மோட்டாராலோ பெல்ட் மூலமாகப் பம்பை ஓட்டி நீர் இறைக்கும் விவசாயிகளுக்கு, கதிர் பால் பிடிக்கும் தருணத்தில் பெல்ட் அறுந்துபோவது பெரிய இடையூறாகும். அச்சமயம் உத்தேசமாக ஓர் அளவைச் சொல்லி, கடையில் அகப்பட்டதை வாங்கி மாட்டுவோர் பலர். அப்பெல்ட் விரைவில் மீண்டும் அறும். அல்லது வழுக்கி ஓடி, எரிபொருளை வீணாக்கி, நீரையும் குறைக்கும். அகலம், நீளம் என்னும் இரண்டு அளவுகளையும் செவ்வையாக அறிந்தால் இந்நஷ்டத்தைத் தவிர்க்கலாம்.

முற்காலத்தில் தட்டையான தோல் வார்களே பெரும்பாலும் வழங்கின. 1917ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜான் கேட்ஸ் என்பவர் ரப்பரும் நூலும் சேர்ந்த வி-பெல்ட்டை அமைத்தார். இது அடிப்புறத்தால் இழுப்பதன்று. புல்லியின் காடிக்குள் ஆப்புப்போல் இறங்கி, இரு பக்கச் சரிவுகளாலேயே இழுக்கிறது. ஆகையால் காடிக்குச் சிறுத்த பெல்ட் அடியில் தட்டி வழுக்கும். பெருத்த பெல்ட் மேலே துருத்தி நின்று ஓரம் தேயும். புதுப் பெல்ட்டின் மேற்புறம் புல்லியின் விளிம்புக்கு ஏறக்குறைய சமமாக நிற்றல் வேண்டும்.

அகலம்: மேல் அகலம் 13 மில்லிமீட்டரும் கனம் 8 மில்லிமீட்டரும் உள்ளது ‘ஏ’ வகை. 17 அகலமும் 11 கனமும் உள்ளது ‘பி’ வகை. 22 அகலமும் 14 கனமும் உள்ளது ‘ஸி’ வகை. பழைய பெல்ட் பக்கங்களில் தேய்ந்து ஒடுங்கியிருக்கக்கூடுமாதலால், அதனோடு காடியின் வாயையும் அளந்து பார்ப்பது நலம்.

நீளம்: பெல்ட்டின் முதுகில் ‘பி 60’ என்று அச்சிட்டிருந்தால், அது ‘பி’ வகை என்றும், அதன் உட்சுற்று 60 அங்குலம் என்றும் பொருள்படும். பலர் வெளிச்சுற்றை அளந்து, அதையே கடையில் கூறுவதனால்தான் பெல்ட் தொளதொளத்துப் போகிறது. வெளிச்சுற்றிலிருந்து ‘ஏ’ வகைக்கு சுமார் 2 அங்குலமும், ‘பி’ வகைக்கு 2¾ அங்குலமும், ‘ஸி’ வகைக்கு 3½ அங்குலமும் கழிக்க வேண்டும்.

அச்செழுத்து அழிந்திருந்தால், பழைய பெல்ட் நீண்டுபோயிருக்குமாதலால் அதை மட்டும் நம்பலாகாது. மோட்டாரைப் பம்பின் பக்கமாகத் தள்ளி, பின்னர் இறுக்குவதற்குப் பெரும்பகுதி இடம் எஞ்சியிருக்கும்படி நிறுத்தவும். நீளாத கயிறு ஒன்றை இரு புல்லிகளின் விளிம்பின்மேல் சுற்றி அளக்கவும். ‘பி’ வகைக் காடியில் இவ்வளவு 71 அங்குலமானால், 2¾ கழித்து, ‘பி 68’ என்று கேட்டு வாங்கலாம்.

ஒரு புல்லியில் பல பெல்ட்டுகள் ஓடினால், ஒன்று அறுந்தாலும் எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றுதல் வேண்டும். நீண்டுபோன பழையவை சும்மா சுற்ற, புதியது ஒன்றே முழுப் பாரத்தையும் தாங்கிக் கெடும். காடியின் பக்கங்கள் குழிந்திருந்தாலும், அடிப்புறம் பளபளத்திருந்தாலும் புல்லியையே மாற்ற வேண்டும்.

பெல்ட்டைக் கடப்பாரையால் நெம்பி ஏற்றினால் உள்நூல் அறும். மோட்டாரைத் தளர்த்தி மாட்டி, இரு புல்லிகளும் நேர்க்கோட்டில் இருப்பதைக் கயிறு பிடித்துப் பார்த்து இறுக்கவும். இரு புல்லிகளுக்கும் நடுவில் 1 மீட்டர் நீளத்துக்குப் பெல்ட் இருந்தால், மத்தியில் பெருவிரலால் ஊன்றும்போது சுமார் 16 மில்லிமீட்டர் இறங்குவது போதுமானது. முதல் நாள் ஓட்டத்திற்குப் பின் மறுபடியும் பார்த்து இறுக்குக. பெல்ட்டில் எண்ணெயோ கிரீஸோ படலாகாது.

எஞ்சின் ஓடும்போது பெல்ட்டைத் தொடுவது உயிருக்கே ஆபத்து. வேட்டி நுனியும், தோள் துண்டும், சேலைத் தலைப்பும் ஒரு கணத்தில் உள்ளே இழுக்கப்படும். ஆதலின் கம்பி வலைக் காப்பு இல்லாத பம்புகளுக்கு அதனை அமைக்கும்படி கிராம அதிகாரிகள் உரியவர்களை வற்புறுத்துவது மிக அவசியம். விவசாயிகள் பெல்ட்டின் வகையையும் எண்ணையும் பம்புக் கொட்டகைச் சுவரில் எழுதிவைத்து, மாற்றுப் பெல்ட் ஒன்றை வெயில் படாத இடத்தில் மடிக்காமல் வைத்திருந்தால், பயிர் நீருக்குக் காத்துக் கிடக்க நேரிடாது.