கொடைக்கானல் ஏரியும் இரைப்பு நோயும்

"மலைக்காத்து ஒடம்புக்கு நல்லதுதானே ஐயா?" என்று கேட்டுவிட்டு, இன்ஹேலரை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கொடைக்கானல் போனார் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். பத்து வருடமாக இரைப்பு உள்ளவர். விடியற்காலைப் பனியில் ஏரியைச் சுற்ற ஆரம்பித்து, பாதியில் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டார். யாரோ ஒரு குடும்பத்தார் நல்லவேளையாக ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இழுக்கிற மூச்சில் பிராணவாயுவும் அந்த அளவு குறையும். நல்ல மார்புக்கு இது பெரிதாகத் தெரியாது. சளி கட்டிய மார்புக்குத் தெரியும். குளிர்காற்று மூச்சுக்குழாயை வேறு சுருக்கிவிடும். குளிர்ச்சியில் ஐயம் மிகும் என்பது சித்த வைத்தியக் கணக்கு.

அதற்காகப் போகாமல் இருப்பதா? தாராளமாகப் போங்க! முதல் நாள் ஓய்வு. 1863-ல் வெட்டிய ஏரி, மறுநாளும் அங்கேதான் இருக்கும். சுற்றுப்பாதை சுமார் 5 கிலோமீட்டர். வெயில் வந்தபின், காதையும் மார்பையும் மூடிக்கொண்டு, முடிந்தவரை நடந்தால் போதும். பைன் காட்டில் உதிர்ந்த ஊசியிலை மேல் கால் வழுக்கும். பெரியவர்களைக் கைப்பிடித்துக் கூட்டிப்போங்கள். பைன் வாசனை இரைப்பைத் தீர்க்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஃபிளாஸ்கில் சுக்குக் காப்பி கொண்டுபோகலாம். தொண்டைக்கு இதம், அவ்வளவுதான். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், இன்ஹேலருக்கு அது பதில் ஆகாது. ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியாமல் இரைத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் கேட்கிறார்கள். அதை எடுக்கும்போதே இன்ஹேலரையும் கைப்பையில் போட்டுவிடுங்கள். டிக்கியில் கிடக்கிற பெட்டியில் அல்ல.