ஏழு ஊர்... ஐந்து ஆறு... ஒரு சைக்கிள்!

குட்டீஸ்! உங்கள் வீட்டில் கல்யாணம் நடந்தால் எத்தனை பேர் ஓடி வந்து உதவுகிறார்கள்? பூக் கட்டுபவர் ஒருவர், பந்தி பரிமாறுபவர் ஒருவர், பாத்திரம் இரவல் தருபவர் ஒருவர்... கல்யாணம் முடிந்ததும் அவர்கள் வீட்டுக்கெல்லாம் போய், "ரொம்ப நன்றி" என்று சொல்லியிருக்கிறீர்களா?

தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு ஊர்ச் சாமி ஆண்டுதோறும் அப்படிச் சொல்லிவிட்டு வருகிறார். அதுவும் ஒரு வீட்டுக்கு அல்ல, ஆறு ஊர்களுக்குப் பல்லக்கில் போய்!

அந்த ஊர் திருவையாறு. சாமியின் பெயர் ஐயாறப்பர். அவர் போய்வரும் ஊர்களை நாம் சைக்கிளிலேயே ஒருநாளில் சுற்றி வரலாம். ஆற்றங்கரை, வாழைத்தோப்பு, நெல் வயல், ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழமையான கோவில்கள் என்று வழியெல்லாம் வேடிக்கைதான். வாங்க, போகலாமா?

நந்திக்குக் கல்யாணம்!

முதலில் கதையைக் கேளுங்கள். கொள்ளிடத்துக்கு அக்கரையில் உள்ள திருமழபாடியில் நந்திதேவருக்கும் சுயசாம்பிகைக்கும் திருமணம். அதை முன்னின்று நடத்தி வைத்தவர் ஐயாறப்பர். அப்போது அக்கம்பக்கத்து ஊர்கள் ஆளுக்கொரு பொருளைக் கொடுத்து உதவினவாம்.

எந்த ஊர் எதைக் கொடுத்தது என்று பெயரை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். பழம் கொடுத்தது திருப்பழனம். சாப்பாடு போட்டது திருச்சோற்றுத்துறை. வேதம் ஓதுபவர்களை அனுப்பியது திருவேதிகுடி. பூ தந்தது திருப்பூந்துருத்தி. ஹோமத்துக்கு நெய் தந்தது திருநெய்த்தானம். இதைத்தான் இன்று தில்லைஸ்தானம் என்கிறார்கள். நகைகள் கொடுத்த ஊரை மட்டும் பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அது திருக்கண்டியூர்!

உதவிய ஊர்களுக்கு நன்றி சொல்ல, சித்திரை மாதத்தில் கண்ணாடிப் பல்லக்கில் ஐயாறப்பர் புறப்படுகிறார். ஒவ்வொரு ஊர்ச் சாமியும் தன் பல்லக்கில் எதிர்கொண்டு வந்து, ஊர்வலத்தில் சேர்ந்துகொள்கிறார். கடைசியில் ஏழு பல்லக்குகளும் திருவையாற்றில் ஒன்றுகூடும். அங்கே ஒரு பொம்மை சாமிக்குப் பூப்போடும். அதைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் அலைமோதும். இதுதான் ஏழூர்த் திருவிழா. 'சப்தஸ்தானம்' என்றும் சொல்வார்கள்.

ஐந்து ஆறு எங்கே?

'ஐயாறு' என்றால் ஐந்து ஆறு. திருவையாற்றில் நின்று பார்த்தால் காவிரி ஒன்றுதான் தெரியும். மீதி நான்கு எங்கே? தஞ்சாவூரிலிருந்து திருவையாறு சுமார் 13 கிலோமீட்டர். அந்த வழியில் வரும்போது பாலங்களை எண்ணிக்கொண்டே வாருங்கள். முதலில் வடவாறு, அடுத்து வெண்ணாறு, அப்புறம் வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. ஐந்தும் வந்துவிட்டதா?

இவை ஐந்தும் வேறு வேறு மலையில் பிறந்த ஆறுகள் அல்ல. எல்லாம் காவிரித் தண்ணீர்தான்! கரிகால் சோழன் கட்டிய கல்லணையில் காவிரியிலிருந்து வெண்ணாறு பிரிகிறது. வெண்ணாற்றிலிருந்து வெட்டாறும் வடவாறும் பிரிகின்றன. திருக்காட்டுப்பள்ளி அருகே காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிறது. உள்ளங்கையிலிருந்து விரல்கள் பிரிவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து மதகு, மதகிலிருந்து வயல் என்று தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும்.

பஸ்ஸில் போனால் இந்த மதகுகள் கண்ணில் படவே படாது. நடந்து போனால் ஏழு ஊரையும் முடிப்பதற்குள் கால் கெஞ்சும். சைக்கிள்தான் சரி. நினைத்த இடத்தில் இறங்கிப் பார்க்கலாம். என்ஜின் சத்தம் இல்லாததால் மதகில் தண்ணீர் விழும் சத்தம்கூடக் கேட்கும்.

வடகரையில் காலைச் சவாரி

சித்திரையில் ஆற்றில் தண்ணீர் இருக்காது. அதனால் பல்லக்கு மணலிலேயே இறங்கி அக்கரைக்குப் போய்விடும். நமக்கு அது சரிப்படாது. காவிரியின் வடகரையில் உள்ள ஊர்களை முதலில் பார்த்துவிட்டு, பிறகு பாலத்தில் ஏறித் தென்கரைக்குப் போவோம்.

காலை 6 மணிக்கே கிளம்பிவிடுங்கள். மேற்கே சுமார் 2 கிலோமீட்டரில் தில்லைஸ்தானம். அங்கே கோவில் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. எழுத்துகளை உற்றுப் பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த எழுத்து ஏதாவது தட்டுப்படுகிறதா?

திரும்பி வந்து கிழக்கே சுமார் 4 கிலோமீட்டர் மிதித்தால் திருப்பழனம். கும்பகோணம் போகும் சாலை இது. பஸ்கள் வரும், ஓரமாகப் போங்கள். பக்கத்திலேயே திங்களூர். அப்பூதி அடிகள் வாழ்ந்த ஊர். அவர் திருநாவுக்கரசரை நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும் அவர் மீது அவ்வளவு அன்பு! பிள்ளைகளுக்கு அவர் பெயர், வழிப்போக்கர்களுக்காக வைத்த தண்ணீர்ப் பந்தலுக்கும் அவர் பெயர். ஒருநாள் அந்த வழியே வந்த திருநாவுக்கரசர், பந்தலில் தன் பெயரைப் பார்த்துத் திகைத்தே போனாராம். வெயிலில் சைக்கிள் மிதித்து வருபவருக்குத்தான் தண்ணீர்ப் பந்தலின் அருமை தெரியும்!

மறுபடி திருவையாறு. இங்கே நிறையப் பார்க்க வேண்டும். ஐயாறப்பர் கோவில் பிராகாரத்தில் ஒரு இடத்தில் நின்று குரல் கொடுத்தால் ஏழு முறை எதிரொலிக்கும் என்பார்கள். நீங்களே எண்ணிப் பாருங்கள். அதே வளாகத்தில் உள்ள வட கயிலாயம், ராஜராஜ சோழனின் அரசி உலோகமாதேவி கட்டியது. காவிரிக் கரையில் தியாகராஜ சுவாமிகளின் சமாதி இருக்கிறது. அவர் 1847-ல் மறைந்தார். ஆண்டுதோறும் நடக்கும் ஆராதனையில் பாடகர்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து அவருடைய பாடல்களைப் பாடுவார்கள்.

பசிக்கிறதா? திருவையாறு வந்து அசோகா சாப்பிடாமல் போகலாமா? பாசிப்பருப்பில் நெய் மணக்கச் செய்யும் அல்வா அது.

தென்கரையில் நான்கு ஊர்கள்

காவிரிப் பாலத்தையும் குடமுருட்டிப் பாலத்தையும் தாண்டினால் கண்டியூர். இது தஞ்சாவூர்ச் சாலை. வண்டிகள் அதிகம், கவனம்! கண்டியூரில் கிளைச் சாலைக்குத் திரும்பிவிட்டால் அமைதிதான்.

மேற்கே திருப்பூந்துருத்தி. துருத்தி என்றால் ஆற்றிடைக்குறை, அதாவது ஆறுகளுக்கு நடுவே உள்ள நிலம். இந்த ஊருக்குச் சிறுவரான திருஞானசம்பந்தர் பல்லக்கில் வந்தார். "அப்பர் எங்கே இருக்கிறார்?" என்று கேட்டார். "உங்கள் பல்லக்கைச் சுமந்துகொண்டு இங்கேதான் இருக்கிறேன்" என்று கீழேயிருந்து பதில் வந்தது. வயதில் எவ்வளவோ மூத்தவரான அப்பர், கூட்டத்தோடு கூட்டமாகப் பல்லக்குத் தூக்கி வந்திருக்கிறார்! சம்பந்தர் பதறிப்போய்க் கீழே குதித்தார் என்கிறது பெரியபுராணம்.

கண்டியூருக்குத் திரும்பிக் கிழக்குப் பக்கம் போனால் திருவேதிகுடி. அப்புறம் குடமுருட்டிக் கரையில் திருச்சோற்றுத்துறை. இருபுறமும் வயல், நடுவே சாலை. கொக்கும் மீன்கொத்தியும் கூடவே வரும். வழி தெரியாவிட்டால் வயலில் வேலை செய்பவர்களிடம் கேளுங்கள். அறுவடைக் காலத்தில் சாலையிலேயே நெல்லும் வைக்கோலும் காயும். அதன்மேல் ஏற்றாதீர்கள். வைக்கோல் சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் தொபுக்கடீர்தான்!

எல்லா ஊரையும் பார்த்துவிட்டுத் திருவையாறு திரும்பும்போது மொத்தம் சுமார் 30 கிலோமீட்டர் ஆகியிருக்கும். நண்பகலில் கோவில்களைச் சாத்திவிட்டு மாலையில்தான் திறப்பார்கள். ஆகவே வடகரையைக் காலையிலும் தென்கரையை மாலையிலும் வைத்துக்கொண்டால் அவசரமே இல்லை.

கிளம்புவதற்கு முன்...

* அப்பா, அம்மா, மாமா என்று பெரியவர் ஒருவர் கூட வந்தே ஆக வேண்டும். தனியாகப் போகக் கூடாது.

* முதல் நாளே பிரேக், காற்று, செயின் மூன்றையும் சரிபாருங்கள். ஹெல்மெட் கட்டாயம்.

* இடது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு கதை பேசாதீர்கள்.

* மார்கழி, தை மாதங்களில் வெயில் குறைவு. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது எடுத்துக்கொள்ளுங்கள்.

* ஆற்றிலோ வாய்க்காலிலோ இறங்காதீர்கள். மேலே அமைதியாகத் தெரியும், உள்ளே இழுப்பு பலமாக இருக்கும். மணலில் பள்ளம் எங்கே இருக்கிறது என்று வெளியே தெரியாது.

தண்ணீர் வரும் நாள்

மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறப்பார்கள். அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர்ந்ததும், மலரும் நெல்மணியும் தூவி அங்கிருந்து திறந்துவிடுவார்கள். எல்லா ஆண்டும் அப்படி நடப்பதில்லை. 2022-ல் அணை நிறைய நீர் இருந்ததால் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் நீர் போதாமல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதுவரை விவசாயிகள் எப்படிக் கவலையோடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

தண்ணீர் வந்தாலும் எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டுமே! திருவையாற்றைத் தாண்டி எத்தனையோ ஊர்கள் காத்திருக்கின்றன. ஆற்றின் கடைசியில் உள்ள வயல்களைக் கடைமடை என்பார்கள். நீங்கள் பாலத்தில் நின்று சிப்ஸ் சாப்பிட்டுவிட்டு உறையைத் தூக்கி எறிந்தால், அது மிதந்துபோய் ஏதோ ஒரு வாய்க்கால் மதகில் அடைத்துக்கொள்ளும். ஒரு உறைதானே என்று நினைக்காதீர்கள். நூறு பேர் எறிந்தால் நூறு உறை! அதை எடுத்துப்போட, கடைமடை விவசாயி இடுப்பளவு தண்ணீரில் இறங்க வேண்டியிருக்கும்.

அதனால் பையில் ஒரு காலிப் பை வைத்துக்கொள்ளுங்கள். குப்பையை அதில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்துவிடுங்கள். வழியில் தண்ணீர் கொடுத்த பாட்டிக்கும், வழி சொன்ன அண்ணனுக்கும், காற்றடித்துக் கொடுத்த சைக்கிள் கடைக்காரருக்கும் மறக்காமல் நன்றி சொல்லுங்கள்.

ஐயாறப்பரே ஊர் ஊராகப் போய் நன்றி சொல்லும்போது, நாம் சொல்லக் கூடாதா என்ன?