பக்கத்து ஊர் எது? துபாயா, தக்கலையா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள திருவட்டாறு, ஆதிகேசவப் பெருமாள் கோவிலால் பெயர் பெற்ற ஊர். அதன் அருகே மாத்தூரில் ஓர் அதிசயப் பாலம் இருக்கிறது.

தொட்டிப் பாலம் என்பது அதன் பெயர். 1966-ம் ஆண்டில் கட்டினார்கள். இரண்டு குன்றுகளுக்கு நடுவே, பறளியாற்றுக்கு மேலே, 115 அடி உயரத்தில் கால்வாய்த் தண்ணீர் ஓடுகிறது! ஓரத்தில் ஆள் நடக்கவும் வழி உண்டு. பள்ளத்தில் இறங்கி ஏறாமலே எதிர்க் குன்றுக்குப் போய்விடலாம். குன்றுகள் நகரவில்லை, தூரம் குறைந்துவிட்டது.

பாலமே இல்லாமல் தூரம் குறையுமா? குறையும் என்கிறார்கள் பூகோள நிபுணர்கள். மனிதருக்கு மனிதர் உள்ள பழக்கமும் ஒரு பாலம்தானாம்!

சுவீடன் நாட்டில் ஹேகர்ஸ்ட்ராண்ட் என்று ஒரு பூகோளப் பேராசிரியர் இருந்தார். மாடுகளுக்குக் காசநோய்த் தடுப்பு போன்ற புது முறைகள் குடியானவர்களிடம் எப்படிப் பரவுகின்றன என்று ஆராய்ந்தார். இதற்கு அவர் எதைப் பார்த்தார் தெரியுமா? டெலிபோன் பேச்சுக் கணக்கை! யார் எந்த ஊரோடு பேசுகிறார்கள், எங்கே குடிபோகிறார்கள் என்று எண்ணினார். அறிவிப்பைப் படிப்பதோடு சரி. தெரிந்தவர் சொன்னால்தான் குடியானவர் நம்புகிறார். 1953-ல் இதை நூலாக வெளியிட்டார். நம் ஊர் விவசாயியும் அப்படித்தானே!

அமெரிக்காவில் கிரானோவெட்டர் என்ற சமூகவியல் அறிஞர், வேலை கிடைத்தவர்களிடம் விசாரித்தார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்த ஆளை அடிக்கடி சந்தித்தவர்கள் நூற்றுக்கு 17 பேர்தான். மற்றவர்களுக்கு உதவியது, எப்போதோ பார்க்கும் ஆள்! நெருங்கிய நண்பருக்கு நமக்குத் தெரிந்த செய்திதானே தெரியும்? 1973-ல் வெளியான இந்தக் கட்டுரையைப் பூகோள நிபுணர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

திருவட்டாறு வட்டாரத்துக்கு இது நன்றாகப் பொருந்தும். குமரி மாவட்டத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கப் போனவர்கள் ஏராளம். துபாயில் அண்ணன் இருந்தால், அங்கே எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று தம்பிக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். அவனுக்குத் துபாய் பக்கத்து ஊர். பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கும் தக்கலையில் அவனுக்கு ஒருவரையும் தெரியாமல் இருக்கலாம்.

அடுத்த வீட்டுப் பையன் கதை வேறு. அவனும் அதே படிப்பு படித்தவன். வெளியூரில் அவனுக்கு ஆள் இல்லை. ஏஜெண்டை நம்பிப் பணம் கட்ட வேண்டியதுதான்!

எல்லோருக்கும் உலகம் ஒரே மாதிரி சுருங்கவில்லை என்று 1991-ல் எழுதினார், இங்கிலாந்தின் பூகோள அறிஞர் டோரீன் மாசி அம்மையார். விமானத்தில் பறக்கிறவரையும், பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்கிறவரையும் அவர் சேர்த்தே பார்த்தார்.

பள்ளிக்கூட வரைபடத்தில் இந்த இரண்டு பையன்களும் ஒரே புள்ளியில்தான் இருக்கிறார்கள்.