எலுமிச்சை இலையில் ஓடும் வெள்ளிக் கோடு

எலுமிச்சையோ நாரத்தையோ வீட்டில் வளர்ப்பவர்கள் அந்தக் கோட்டைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. கொழுந்து இலையில் வெள்ளி நிறத்தில் வளைந்து வளைந்து போகும். சில நாளில் இலை சுருண்டுவிடும். நோய் என்று நினைத்து வேப்பெண்ணெய் தெளிப்பவர்கள் உண்டு. அந்த இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கோட்டின் நடுவே கறுப்பாக ஓர் இழை தெரியும். அது புழுவின் எச்சம். இலையின் மேல்தோலுக்கு அடியில் புகுந்த புழு, தின்றுகொண்டே போன பாதைதான் அந்தக் கோடு. தொடக்கத்தில் மெலிந்திருந்து போகப்போக அகலமாவது, புழு வளர்ந்ததைக் காட்டுகிறது. கோடு முடிகிற இடத்தில் இலையின் ஓரம் லேசாக மடிந்திருக்கும். அந்த மடிப்புக்குள் கூட்டுப்புழு இருக்கும்.

அதிலிருந்து வெளிவருவது, இறக்கையை விரித்தால் சுமார் 4 மில்லிமீட்டரே இருக்கும் ஒரு வெள்ளை அந்துப்பூச்சி. முன்னிறக்கையின் நுனியில் ஒரு கரும்புள்ளி. ஃபில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா என்பது அதன் அறிவியல் பெயர். கல்கத்தாவில் கிடைத்த பூச்சிகளைக் கொண்டு 1856இல் ஸ்டெயின்டன் என்ற ஆங்கிலேயர் வைத்த பெயர் அது. நம் பகுதிப் பூச்சியான இது 1993இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவை எட்டியது. அங்குள்ள ஆரஞ்சுத் தோட்டங்களில் வெகு வேகமாகப் பரவியது.

உலகில் பெயரிடப்பட்ட பட்டாம்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும் சேர்ந்து சுமார் 1,60,000 இனங்கள். இதில் பட்டாம்பூச்சிகள் 20,000ஐக்கூட எட்டவில்லை. மீதியெல்லாம் அந்துப்பூச்சிகள். அவற்றில் கணிசமான பங்கு, நம் கண்ணில் தூசியாகப் பட்டுப் போகிற பொடிப் பூச்சிகள். பட்டாம்பூச்சிக்குக் கிடைக்கும் கவனத்தில் ஒரு துளி கூட இவற்றுக்குக் கிடைப்பதில்லை. வீட்டுச் சுவரில் சிமென்ட் நிறத்தில் தட்டையாக ஒரு சிறு கூடு மெல்ல நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் இருப்பதும் ஓர் அந்துப்பூச்சியின் புழுதான். தூசியையும் மணலையும் பட்டிழையால் கோத்து அது தனக்குத்தானே கட்டிக்கொண்ட கூடு. இரண்டு முனையிலும் வாசல் உண்டு. தலைமுறை தலைமுறையாக நம்மோடு ஒரே வீட்டில் குடியிருக்கிறது. அதன் பெயரைக் கேட்டவர்கள் எத்தனை பேர்?

இந்தப் பொடிப் பூச்சிகளுக்குப் பெயர் வைப்பதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர் எட்வர்ட் மெய்ரிக். இங்கிலாந்தின் மார்ல்பரோ கல்லூரி என்ற பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். 14,000க்கும் அதிகமான இனங்களை விவரித்தார். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் அவருக்குப் பூச்சிகள் போய்க்கொண்டே இருந்தன. அனுப்பியவர்களில் முக்கியமானவர் பெயின்பிரிக் ஃபிளெட்சர். சென்னை மாகாண அரசின் பூச்சியியலாளராக இருந்து, பிறகு பீகாரின் பூசா ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனவர். இந்த இருவரில் என் மனம் ஃபிளெட்சர் பக்கம்தான் சாய்கிறது. மெய்ரிக்கின் மேசைக்கு வந்தவை பெரும்பாலும் ஊசியில் குத்திய உடல்கள். ஃபிளெட்சரோ புழுவைச் செடியோடு எடுத்து வளர்த்து, எது எதைத் தின்று என்னவாக மாறுகிறது என்று எழுதிவைத்தார். 1920இல் வெளிவந்த அவருடைய சிற்றந்துப்பூச்சிகளின் வாழ்க்கை வரலாறுகள் இன்றும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. பெயர் இருந்தும் வாழ்க்கை எழுதப்படாத இனங்கள் இன்னும் ஏராளம். அந்த வேலையின் ஒரு பகுதியை வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களால் செய்ய முடியும்.

முதலில் குடும்பத்தைப் பிடிக்க வேண்டும். நிறத்தைவிடப் பூச்சி உட்காரும் விதம் அதிகம் சொல்லும். அவரைப் பந்தலில் ஆங்கில 'டி' எழுத்து வடிவில் குச்சிக் குச்சியாக இறக்கையை நீட்டி உட்கார்ந்திருந்தால் அது இறகுப்பூச்சி. தண்டால் எடுப்பவரைப் போல முன்னுடலை நிமிர்த்தி உட்கார்ந்தால், பெரும்பாலும் எலுமிச்சைப் புழுவின் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு பூச்சி. முகத்திலிருந்து இரண்டு கொம்புகள் மேல்நோக்கி வளைந்திருந்தால் தக்காளி ஊசிப்புழுவின் குடும்பமாக இருக்க வாய்ப்புண்டு. கத்தரிக்காய் துளைப்பான், கீரை இலையைப் பிணைத்துத் தின்னும் புழு, முருங்கை மொட்டுப்புழு மூன்றும் ஒரே குடும்பம். இவை சற்றுப் பெரியவை என்பதால் தொடங்குபவர்களுக்கு ஏற்றவை.

அடுத்த சாட்சி செடி. பல சிற்றந்துப்பூச்சிகளின் புழுக்கள் ஒரே செடியையோ அதன் நெருங்கிய உறவுகளையோ மட்டுமே தின்பவை. எந்தச் செடி, இலையில் எந்த மாதிரித் தடம் என்று தெரிந்தாலே பாதி விடை கிடைத்துவிடும். தக்காளி இலையை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய நெளிகோடு இருந்தால் பெரும்பாலும் அது ஒரு சிறு ஈயின் வேலை, அந்துப்பூச்சியே இல்லை. கோடாக இல்லாமல் கொப்புளமாக, திட்டாக அரித்திருந்தால் ஊசிப்புழுவைச் சந்தேகிக்க வேண்டும். பெரு நாட்டில் கிடைத்த இதை 1917இல் விவரித்தவரும் மெய்ரிக்தான். 2006இல் ஸ்பெயினிலும் 2014இல் மகாராஷ்டிரத்திலும் கண்டறியப்பட்டது. இப்படி ஊர்விட்டு ஊர் வரும் பூச்சி எப்போது எங்கே வந்தது என்பதைத் தேதியிட்ட பதிவுகளிலிருந்துதான் அறிய முடியும். அதனால் சாதாரணப் பூச்சியாயிற்றே என்று விட்டுவிடக் கூடாது.

புழு என்னவாக மாறுகிறது என்று பார்க்க, அது இருக்கும் இலையைக் காம்போடு பறித்து, லேசாக ஈரப்படுத்திய காகிதத்தின் மேல் ஒரு டப்பாவில் வையுங்கள். வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள். ஈரம் மிஞ்சினால் பூஞ்சை பிடிக்கும், காய்ந்தால் புழு செத்துவிடும். தினமும் பார்க்க வேண்டும். சில நேரம் அந்துப்பூச்சிக்குப் பதில் ஒரு பொடிக் குளவி வெளியே வரும். புழுவுக்குள் வளர்ந்து அதைத் தின்று தீர்த்த ஒட்டுண்ணி அது. ஏமாற்றம் வேண்டாம். பூச்சியை இயற்கையாகக் கட்டுப்படுத்துவது யார் என்று காட்டும் அந்தப் பதிவு விவசாயிக்கும் பயன்படும்.

இரவில் வெள்ளை வேட்டியைக் கொடியில் தொங்கவிட்டு முன்னால் விளக்கு வைத்தாலும் பூச்சிகள் வரும். நிலவில்லாத, காற்றில்லாத இரவு நல்லது. விடிவதற்குள் விளக்கை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் காலையில் கரிச்சானும் தவிட்டுக்குருவியும் ஒன்றுவிடாமல் பொறுக்கிவிடும்.

படம் எடுக்கும்போது மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகம் தெரிய ஒன்று எடுங்கள். பக்கத்தில் ஒரு அளவுகோல் இருக்கட்டும். கைபேசியில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் போதும். 2008இல் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினால் மற்றவர்கள் பார்த்துப் பெயர் சொல்வார்கள். வீட்டின் இருப்பிடத்தைத் துல்லியமாகக் காட்டாமல் மறைக்கவும் அதில் வழி உண்டு.

பெயர் வைக்க அவசரப்பட வேண்டாம். பல இனங்களைப் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தோ மரபணுவைச் சோதித்தோதான் பிரிக்க முடியும். எவ்வளவு நல்ல படமானாலும் அதற்கு ஈடாகாது. குடும்பத்தோடு நிறுத்திய பதிவு, தவறான இனப்பெயர் சூட்டிய பதிவைவிட மேலானது. பின்னால் வருபவர் அதைத் திருத்தி முன்னே கொண்டுபோக முடியும். அதற்கு அவருக்கு வேண்டியது தேதி, ஊர், அளவு, செடி. மற்றவை விட்டுப்போனாலும், எந்தச் செடியில் கிடைத்தது என்பதை மட்டும் எழுதாமல் விடாதீர்கள்.