நுரையீரலைக் கழுவி அளத்தல்

திருகோணமலைத் துறைமுகத்தின் தெற்கே கொட்டியாரக் குடா விரிந்து கிடக்கின்றது. 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கங்கை கடலோடு கலப்பது இங்கேதான். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் ஆறு கொணரும் நன்னீர் குடாவிற் பரவும். மழை ஓய்ந்தபின் கடல்நீர் அதனை மெல்ல மெல்ல அகற்றும். கடலோடு நன்கு கலக்கும் இடங்கள் விரைவில் உவர்ப்பாகும்; ஒதுங்கிய மூலைகள் தாமதிக்கும். மனித நுரையீரலை அளப்பதற்கு மருத்துவர் கையாளும் முறையொன்றும் இத்தகையதே.

1952ஆம் ஆண்டில் டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, மூச்சுத் தசைகள் செயலிழந்தோரை மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவுபகலாகக் காற்றுப்பையைக் கையால் அமுக்கிக் காத்தனர். இன்று அப்பணியைச் செயற்கைச் சுவாசப் பொறி செய்கின்றது. ஒவ்வொரு மூச்சிலும் எவ்வளவு காற்று, எவ்வளவு அழுத்தத்தோடு உட்சென்றது என்பதை அது காட்டும். ஆனால், மூச்சு வெளிவந்த பின்பு நுரையீரலுள் எஞ்சி நிற்கும் காற்றின் அளவை அவ்விரு எண்களும் உணர்த்தமாட்டா.

அந்த எஞ்சிய காற்றே உயிருக்குச் சேமிப்பு. நலமுள்ள வளர்ந்தவரிடம் அது ஏறக்குறைய இரண்டரை இலீற்றர். நோயினால் சிற்றறைகள் மூடிக்கொண்டால் அது குறையும். மூடிய அறைகளைச் சுற்றி ஓடும் குருதி ஒட்சிசன் பெறாமலே திரும்பும். மயங்கிக் கிடப்பவரை ஆழ மூச்சிழுத்து ஊதச் சொல்லி இதனை அளத்தல் இயலுமா?

இதற்கு வழி தருவது நைதரசன். காற்றில் நூற்றுக்கு 78 பங்கான இவ்வாயுவை உடல் பயன்படுத்துவதில்லை. ஒருவருக்குத் தூய ஒட்சிசனை மட்டும் கொடுத்தால், உள்ளிருந்த நைதரசன் மூச்சுக்கு மூச்சு வெளியேறும். அதனைச் சேர்த்து அளக்கும் முறையை 1940இல் டார்லிங், கூர்நாந், ரிச்சர்ட்ஸ் என்போர் வெளியிட்டனர். நூற்றுக்கு 80 பங்கு நைதரசன் இருந்த நுரையீரலிலிருந்து 2 இலீற்றர் நைதரசன் வெளிவந்தால், அதன் கொள்ளளவு இரண்டரை இலீற்றர் என்பது எளிய கணக்கு. உடலின் திசுக்களிலிருந்து வரும் சிறுபங்கை மட்டும் கழித்துக்கொள்ள வேண்டும்.

பொறியோடு இணைக்கப்பட்டவர் முன்னரே மிகுந்த ஒட்சிசன் பெறுபவராயிருக்கலாம். ஆதலின் ஒட்சிசனைப் பத்து அல்லது இருபது பங்கு மட்டும் மாற்றி, அதனால் நைதரசன் மாறும் அளவைக் கொண்டே கணிப்பர். குழாயிற் கசிவிருப்பின் கணக்குப் பிழைக்கும்.

வாயு எத்தனை விரைவில் அகல்கின்றது என்பதும் ஒரு செய்தியே. நலமுள்ளவரிடம், எஞ்சிய காற்றின் அளவைப்போல் ஏறக்குறைய ஆறேழு மடங்கு காற்றுப் போய்வந்தால், சுவட்டுவாயு நாற்பதில் ஒரு பங்காகக் குறையும். அதற்கு மிகுதியான காற்று வேண்டியிருப்பின், சில பகுதிகள் ஒதுங்கிய மூலைகள்போல் காற்றோட்டம் குன்றியுள்ளன என்பது பொருள்.

மூச்சின் முடிவில் சிறிது அழுத்தத்தை நிறுத்தி வைத்தால் சிற்றறைகள் மூடாதிருக்கும். அழுத்தம் குறைந்தால் அவை மூடும். மிகுந்தால் திறந்திருக்கும் அறைகளே விரிந்து ஊறுபடும். அழுத்தத்தை உயர்த்து முன்னும் பின்னும் அளந்தால் கொள்ளளவு கூடியதா என்பது தெரியும். எனினும், கூடியது மூடிய அறைகள் திறந்ததனாலா, திறந்தவை மேலும் விரிந்ததனாலா என்பதை அவ்வெண் தனியே கூறாது. குருதியின் ஒட்சிசன் நிலையையும் நுரையீரலின் விறைப்பையும் உடன்வைத்து நோக்கியே மருத்துவர் முடிவு செய்தல் வேண்டும்.