ஆறு முறை வண்ணம் பூசிய தேவாலயம்

மெக்சிகோவில் ஒரு தேவாலயம். ஒரே கோடையில் அதற்கு ஆறு முறை வண்ணம் பூசினார்கள். சுவர் உரிந்துபோனதால் அல்ல. ஆறு குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊழியம் செய்ய வந்து இறங்கின. ஆறுக்கும் ஏதாவது வேலை கொடுத்தாக வேண்டியிருந்தது. பிரேசிலில் ஓர் அநாதை இல்லத்துக்குப் போனவர்கள் ஆசையாக ஒரு சுவர் எழுப்பினார்கள். எழுப்பிய இடம், பிள்ளைகள் கால்பந்து விளையாடும் மைதானம். அவர்கள் ஊர் திரும்பியதும் சுவரை இடித்தார்கள். 2008-ல் 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழ் சொன்ன கதைகள் இவை.

படித்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்புறம் ஒன்று உறுத்தியது. அந்தத் தேவாலயத்துப் போதகர் மூன்றாவது குழுவிடமாவது, "வேண்டாம் பிள்ளைகளா, இப்போதுதான் அடித்தோம்" என்று ஏன் சொல்லவில்லை?

கிரகப்பிரவேசத்துக்கு நாலாவது சுவர்க் கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு வரும் பெரிய இடத்துச் சொந்தக்காரரிடம் நாம் என்ன சொல்கிறோம்? "எதுக்குங்க இந்தச் செலவெல்லாம்" என்று வாங்கி உள்ளே வைக்கிறோம். நாளைக்கு மகள் கல்யாணத்துக்கு அவர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கும். அந்தப் போதகரின் நிலையும் ஏறக்குறைய அதுதான் என்று நினைக்கிறேன்.

'ஷார்ட் டெர்ம் மிஷன்' என்று சபைகளில் சொல்லப்படும் இந்தப் பயணங்களுக்கு வயது அறுபதுக்கு மேல். 1957-ல் ஜார்ஜ் வெர்வர் என்ற அமெரிக்கக் கல்லூரி மாணவர் இரண்டு நண்பர்களோடு மெக்சிகோவுக்குக் கிறிஸ்தவப் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு போனார். பிற்பாடு லோகோஸ், டூலோஸ் என்ற புத்தகக் கப்பல்களை ஓட்டிய இயக்கம் அதிலிருந்து வளர்ந்ததுதான். 1960-ல் லோரன் கன்னிங்ஹாம், இளைஞர்களை அலை அலையாக உலகெங்கும் அனுப்புவதற்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார். சமூகவியலாளர் ராபர்ட் வுத்னோ 2005 வாக்கில் எடுத்த கணக்குப்படி, அமெரிக்கச் சபைகளிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் பேர் இப்படி வெளிநாடு போய்வந்தார்கள். பெரும்பாலும் பத்து நாளுக்குள் திரும்பிவிடும் பயணம்.

இப்படிப் போய்வந்தவர்களில் ஒருவன் என் அக்கா மகன். டெக்ஸாஸில் பிறந்து வளர்ந்தவன். பதினாறு வயதில் சபையின் யூத் குரூப்போடு ஹோண்டுராஸ் நாட்டுக் கிராமம் ஒன்றுக்குப் போனான். பயணக் காசுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்ததும் கார் கழுவினார்கள், கேக் விற்றார்கள், உற்றார் உறவினருக்கெல்லாம் ஆதரவு கேட்டுக் கடிதம் எழுதினார்கள். எனக்கும் ஒன்று வந்தது. எல்லோருக்கும் ஒரே நிற டி-சர்ட்.

இந்தக் குழுக்களுக்கு ஹோண்டுராஸில் ஒரு பெயர் உண்டு: 'பிரிகாடா'. படைப்பிரிவு என்பதும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. மருத்துவ பிரிகாடா, பல் பிரிகாடா, வீடு கட்டும் பிரிகாடா. காலையில் ஜெபம், பிறகு கட்டட வேலை, மதியத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு வி.பி.எஸ். எனப்படும் விடுமுறை வேதாகமப் பள்ளி, இரவில் கூடி உட்கார்ந்து அன்றைக்கு மனதைத் தொட்டது எது என்று சாட்சி சொல்வது. நம்மூர் சபைகளில் மே மாதம் நடக்கும் அதே வி.பி.எஸ்.தான், பாட்டும் கைத்தட்டலும் பொம்மலாட்டமுமாக. ஒரு வித்தியாசம் உண்டு. நம்மூரில் அது விடுமுறையில் நடக்கும். ஹோண்டுராஸ் அரசுப் பள்ளிகளின் கல்வி ஆண்டு பிப்ரவரியில் தொடங்கி நவம்பரில் முடிகிறது. பிரிகாடாக்கள் வந்து குவியும் ஜூனும் ஜூலையும் அங்கே பள்ளி நாட்கள். மழைக்காலமும் கூட, சோளக் காட்டில் ஆள் தேவைப்படும் நேரம். விடுமுறை வந்தவர்களுக்குத்தான்.

1998 அக்டோபர் கடைசியில் மிட்ச் புயல் ஹோண்டுராஸைப் புரட்டிப் போட்டது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள், மலைச்சரிவு வீடுகள் மண்ணோடு போயின. வட அமெரிக்கச் சபைகளிலிருந்து குழுக்கள் வீடு கட்ட விரைந்தன. அப்போது அமெரிக்காவின் கால்வின் கல்லூரியில் சமூகவியல் பேராசிரியராக இருந்த கர்ட் வெர் பீக், ஹோண்டுராஸிலேயே குடியிருந்தவர், விசுவாசி. மிஷனைக் கேலி பேசும் கூட்டத்தைச் சேர்ந்தவர் அல்ல. அவர் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார். வந்தவர்கள் கட்டிய வீடு ஒன்றுக்கு, விமானக் கட்டணம் முதலான எல்லாம் சேர்த்து, சுமார் 30,000 டாலர். உள்ளூர்க் கிறிஸ்தவ அமைப்புகள் கட்டியது சுமார் 2,000 டாலர். ஒரு வீட்டுக் காசில் பதினைந்து வீடு.

அந்தக் குடும்பங்களிடமும் போய்க் கேட்டார். வெளிநாட்டார் கட்டிய வீட்டில் இருந்தவர்களுக்கும் உள்ளூர்க்காரர் கட்டியதில் இருந்தவர்களுக்கும் வாழ்க்கையில் பெரிய வேறுபாடு ஒன்றும் தெரியவில்லை. வந்தவர்கள் அன்பானவர்கள்தான், ஆனால் அந்தக் காசுக்கு இன்னும் பல வீடு எழும்பியிருக்குமே என்றுதான் சொன்னார்கள். கவனியுங்கள், இது ஆய்வாளர் தேடிப் போய்க் கேட்டபோது வந்த பதில். விருந்தாளியாக வந்தவனிடம் நேரில் இதை யார் சொல்வார்? போய்வந்தவர்களில் பலர், பயணத்துக்குப் பிறகு தாங்கள் அதிகம் காணிக்கை கொடுப்பதாக நம்பினார்கள். அவர்களை அனுப்பிய அமைப்பின் கணக்குப் புத்தகம் அப்படிச் சொல்லவில்லை.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, அதில் நியாயமும் உண்டு. அந்த 30,000 டாலர், பயணம் இல்லையென்றால் வந்தேயிருக்காது. முகம் தெரியாத குடும்பத்தின் வீட்டுக்கு யாரும் கார் கழுவமாட்டார்கள். தன் பிள்ளை உலகத்தைப் பார்த்துவரட்டும் என்றால் கழுவுவார்கள். அக்காவும் இதைத்தான் சொன்னாள். சரி, அப்படியானால் அது பிள்ளையின் படிப்புச் செலவு. அந்தத் தலைப்பிலேயே எழுதிக்கொள்ளலாமே.

இவான் இல்லிச் 1968-லேயே இதை முகத்துக்கு நேரே சொன்னார். கத்தோலிக்கக் குரு, ஆஸ்திரியாவில் பிறந்தவர், மெக்சிகோவின் குவெர்னவாகாவில் ஓர் ஆய்வு மையம் நடத்திவந்தவர். கோடைதோறும் மெக்சிகோ கிராமங்களுக்குச் சேவை செய்யப் போகும் அமெரிக்க மாணவர்கள் அவரை அழைத்துப் பேசச் சொன்னார்கள். அவரோ, பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், மலை ஏறுங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்றார். அந்தப் பேச்சில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஓர் இடம். நீங்கள் செய்வது தவறு என்று அந்த ஊர்க்காரன் சொன்னாலும் உங்களுக்குப் புரியாது, உங்களுக்குத்தான் அவன் மொழி தெரியாதே என்றார். ஏழைகளோடு வேலை செய்தே தீர வேண்டுமென்றால் உங்கள் ஊர் ஏழைகளிடம் போங்கள், பிடிக்காவிட்டால் "போய்யா" என்று விரட்ட அவர்களுக்காவது முடியும் என்பது அவர் வாதம்.

விரட்ட முடியாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு 2010-ல் ஹைட்டி சாட்சி ஆனது. ஜனவரி 12 பூகம்பத்துக்குப் பின், பெரும்பாலும் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தவர் அடங்கிய, பத்துப் பேர் கொண்ட ஒரு பாப்டிஸ்ட் குழு, 33 பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி டொமினிகன் குடியரசுக்குக் கொண்டுபோகப் பார்த்தது. உரிய தாள்கள் இல்லை. எல்லையில் பத்துப் பேரும் கைதானார்கள். அநாதைகள் என்று சொல்லப்பட்ட பிள்ளைகளில் பலருக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். படிப்பும் சாப்பாடும் கிடைக்கும் என்று நம்பி அவர்களே கொடுத்தனுப்பியிருந்தார்கள். எல்லாம் இழந்து நிற்கும் தாயிடம் நல்ல மனதோடு வந்து கேட்பவருக்கு அவள் எப்படி மாட்டேன் என்பாள்?

கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே இருக்கும் இந்த நோவைப் பற்றி ஒரு தமிழர் நூறு ஆண்டுக்கு முன்பே பேசியிருக்கிறார். வேதநாயகம் சாமுவேல் அசரியா, திருச்செந்தூர்ப் பக்கம் வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்தவர். 1902-ல் யாழ்ப்பாணம் போனபோது, அங்கத்துத் தமிழ்ச் சபையார் தாங்களே காசு போட்டுத் தொண்டிக்கு ஒரு மிஷனரியை அனுப்பியிருப்பதைக் கண்டார். மறு ஆண்டே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. அதன் ஊழியர் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குப் போனார்கள். பத்து நாளுக்கு அல்ல. 1910-ல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. மேடையில் அசரியா எழுந்து, நீங்கள் எங்களுக்காக எவ்வளவோ தியாகம் செய்தீர்கள், அதற்கு நன்றி, ஆனால் எங்களோடு கைகுலுக்கவும் உட்கார்ந்து சாப்பிடவும் தயங்குகிறீர்கள், நண்பர்களைத் தாருங்கள் என்ற பொருளில் பேசி முடித்தார். அரங்கில் பலருக்கு அது பிடிக்கவில்லை.

வீட்டுக் கணக்குப் போட்ட வெர் பீக்கும் அசரியா கேட்டதுபோல நண்பராக, அண்டைவீட்டாராக இருந்து பார்த்தவர்தான். ஹோண்டுராஸ் தலைநகர் டெகுசிகல்பாவில் உள்ளூர் நண்பர் கார்லோஸ் ஹெர்னாண்டஸோடு சேர்ந்து 1998-ல் அவர் தொடங்கிய அமைப்பு, வண்ணம் பூசப் போகவில்லை. ஆண்டுக்கு 200 நாள் நடக்க வேண்டிய அரசுப் பள்ளி நிஜமாகவே நடக்கிறதா, ஆசிரியர் வருகிறாரா என்று எண்ணிப் பார்த்தது. கூலி ஏமாற்றப்பட்ட காவலாளிகளுக்கும் துப்புரவுப் பெண்களுக்கும் வழக்கு நடத்தியது. அந்த வழக்குகளை நடத்திய வழக்கறிஞர் டியோனிசியோ டியாஸ் கார்சியா 2006 டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வேலைக்கு டி-சர்ட் போட்டுக்கொண்டு யாரும் வருவதில்லை.

அக்கா மகன் திரும்பி வந்ததும் போனில் கேட்டேன், என்னடா கட்டினாய் என்று. "ஒண்ணும் கட்டலை மாமா" என்று சிரித்தான். அந்தக் கிராமத்துக் கொத்தனார் கிழவர் இவன் வைத்த ஹாலோ பிளாக் வரிசைக்குத் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்திருக்கிறார். உதட்டைப் பிதுக்கியிருக்கிறார். டான்சானியாவுக்குப் பள்ளிச் சுற்றுலா போன பிப்பா பிடில் என்ற அமெரிக்கப் பெண் 2014-ல் எழுதியது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது: மாணவிகள் பகலில் கோணலாகக் கட்டிய சுவரை, அவர்கள் தூங்கிய பின் ஊர் ஆட்கள் பிரித்து நேராகக் கட்டி வைப்பார்களாம். பிள்ளைகள் மனம் நோகக்கூடாதே என்று.

இந்தக் கிழவர் இரவு வரை காத்திருக்கவில்லை. இவன் கண்முன்னே, கலவை காய்வதற்குள், நாலு கல்லையும் எடுத்துக் கீழே வைத்துவிட்டு "ஓத்ரா வெஸ்" என்றிருக்கிறார். மறுபடியும் என்று அர்த்தமாம். அன்று மட்டும் ஐந்து முறை.

"கோபம் வந்துச்சாடா?"

"முதல்ல வந்துச்சு. அப்புறம் என்னைக் கலவை குழைக்க விட்டுட்டார். அது நல்லா வருது மாமா."