உங்களுக்குத் தெரியுமா? கடற்கரைக் கோயிலுக்குச் சூரிய மின்சாரம்

மாமல்லபுரம் கடற்கரைக் கோயில், பசுமை ஆற்றலில் இயங்கும் நாட்டின் முதல் தொல்லியல் தலம் என்று 2023இல் அறிவிக்கப்பட்டது. தலா 10 கிலோவாட் திறனுள்ள 3 சூரிய மின் அமைப்புகள் நிறுவப்பட்டன. நடக்க முடியாதவர்களுக்குப் பேட்டரி வண்டிகளும் வந்தன.

நல்ல தொடக்கம். ஆனால் பழைய கட்டடங்களில் மின்சாரத்தைவிடப் பெரிய கணக்கு ஒன்று உண்டு. அவற்றின் செங்கல்லைச் சுட்ட புகை என்றோ காற்றில் கலந்துவிட்டது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் மறுபடியும் சூளை, மறுபடியும் சிமெண்ட். உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 8 சதவீதம் சிமெண்ட் தயாரிப்பிலிருந்தே வருகிறது!

மாமல்லபுரம் இருக்கும் அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில், 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தைப் பாருங்கள். செட்டிநாட்டு வணிகர் வீடு, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் வீடு என்று பல பழைய வீடுகளைத் தூண், உத்தரம், கதவு எனப் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். இருந்த இடத்திலேயே பழுதுபார்க்க முடிந்தால் இன்னும் மேல். லாரிச் செலவும் மிச்சம்.

பழுதுபார்க்கச் சுண்ணாம்புச் சாந்தைக் கேட்டு வாங்குங்கள். சுண்ணாம்புச் சூளையில் வெளியேறிய கரியமில வாயுவில் ஒரு பகுதியைக் காற்றிலிருந்து திரும்ப உறிஞ்சித்தான் அது இறுகுகிறது.